முன்னூத்திப் பத்தாவது மீட்டர்

வேலாம்பள்ளத்தோரமா வந்த சுவர்
முன்னூத்திப் பத்தாவது மீட்டர்ல நின்னு போச்சுங்க.
வேலை முடிஞ்சு நிக்கல,
பணம் முடிஞ்சு.
நுனியில நாலு கம்பி துருவேறி நீட்டிட்டு நிக்குது,
மிச்சத்தைக் கட்ட வர்றவங்களுக்குக்
கை குடுக்கறதுக்கு.

கம்பிக்கு அக்கட்ட எங்க மஞ்சக்காடு.

மொதல்ல எழுதுனது எண்ணூத்தி நாப்பது.
ஓவர்சியரம்மா டேப்போட ஒரு நுனியைப் புடிக்க
மறுநுனி எங்கையில.
சீமைக்கருவேல முள்ளு கிழிச்ச தழும்பு இன்னும் இருக்குது.
அந்தக் காயிதம் ஈரோடு போயி, மெட்ராஸ் போயி
ஒன்றரை வருசங்கழிச்சுத் திரும்பி வந்துச்சு:
"கடந்த ஐந்தாண்டுகளில் வெள்ளச் சேதம் பதிவாகவில்லை.
பணியின் அவசியத்தை விளக்கவும்."

அஞ்சு வருசமும் மழையே இல்லீங்களே,
என்னத்த விளக்கறது?

அந்த ஐப்பசி, பர்கூர் மலைமேல ராப்பூரா இடி.
விடியறதுக்குள்ள
பள்ளமே விளக்கிப்போடுச்சு.

அப்புறம் ஆளுக வந்தாங்க. ஜீப்பு, போட்டோ,
முழங்கால் சேத்துல நின்னுட்டுப் பேட்டி.
வந்த பணம்
முன்னூத்திப் பத்து மீட்டருக்கு.

தண்ணிக்கு மீட்டர் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சிருந்தேன்.
நெம்ப நல்லாத் தெரியுதுங்க.
போன கார்த்திகையில சுவரோட சுவரா
அடக்கமா வந்துச்சு.
கம்பிகிட்ட வந்ததும் அத்தனையும் ஒண்ணாத் திரும்பி
எங்க காட்டுக்குள்ள எறங்குச்சு.
சுவர் இல்லாத காலத்துல
ஊரே பங்கு போட்டுக்கிட்ட தண்ணி.

மாரப்பன் தோட்டத்துல ஒரு வாழைகூடச் சாயல.
அன்னைக்கு ராத்திரி அவரே டீசல் மோட்டரைத் தூக்கிட்டு வந்து
விடிய விடிய எறைச்சாரு,
எம்மூஞ்சியைப் பாக்காமயே.
டீ வெச்சுக் குடுத்தேன். சக்கரை போட மறந்துட்டேன்.
அவரு கேக்கல.

வி.ஏ.ஓ. வந்து கெழங்கைப் புடுங்கிப் புடுங்கி
மோந்து பாத்தாரு.
அழுகல் முப்பத்தொரு சதம்.
முப்பத்திமூணு இருந்தாத்தான் நிவாரணம்.
"இன்னுஞ் சித்தெ பேஞ்சிருந்தாக் கெடைச்சிருக்குமுங்க."
நெசமான வருத்தத்தோடதான் சொன்னாரு.

திங்கக்கெழமை மனு குடுத்துட்டு வந்தேன், ரசீது இருக்குது.
அழுகுனது போக மிஞ்சுன வெதமஞ்சளை
நெழல்ல கொட்டிப்போட்டு
ஈரச்சாக்கு நாலையும்
அந்த நாலு கம்பியில காயப் போட்டிருக்கேன்.

மிச்சத்தைக் கட்ட வந்தா
ஒரு வார்த்தை சொல்லுங்க,
எடுத்துக்கறேன்.