ஒட்டு

குன்னூர் பெட்போர்டில்
வர்க்கி அடுப்புக்கு நேர் மேலே என் லேப்.
கீழே மாவு வேகும், மேலே பீங்கான்.

இன்று திரும்பி வந்திருப்பது போஜனின் முன்பல்.
ஏலத்துக்குத் தேநீர் ருசி பார்ப்பவர்,
மதியத்துக்குள் நூற்றைம்பது கிண்ணம் உறிஞ்சித் துப்புகிறவர்.
தேநீரில் அல்ல,
வர்க்கி கடித்ததில் உடைந்திருக்கிறது.
டாக்டர் ரெஜினா சீட்டில் எழுதியிருக்கிறார்:
"உங்கள் ஒட்டு சரியில்லை."

போன மாதத்து வேலை. நினைவிருக்கிறது.
மணல் பீய்ச்சி உலோகத்தைச் சொரசொரப்பாக்கினேன்.
வெறும் உலோகமாகச் சூளையில் வைத்து
மெல்லிய துரு ஒன்றை வரவழைத்தேன்
(துரு என்று சொல்லக்கூடாது, ஆனாலும் துருதான்).
கூடினால் உரிந்துவரும், குறைந்தால் பிடிக்காது.
அதன்மேல் மறைப்புப் பூச்சு,
அதன்மேல் அவருடைய தேயிலைக் கறைக்குப் பொருந்தும் வெள்ளை.
தொள்ளாயிரத்துச் சொச்சம் டிகிரி.

ஆறும்போதுதான் எல்லாம்.
உலோகம் ஒரு மயிரிழை கூடுதலாகச் சுருங்க வேண்டும்,
பீங்கானை இறுக்கிப் பிடிக்கும் அளவுக்கு, அவ்வளவே.
அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது.
லேம்ஸ் ராக் பக்கமிருந்து ஏறிய மூடுபனி
சன்னல் இடுக்கு வழியே மேசைவரை வந்துவிட்டது.
விரல் விறைத்தது.
சூளைக் கதவைக் கொஞ்சம் முன்னாலேயே திறந்தேன்.

லென்ஸை இழுத்து
உடைந்த பள்ளத்தை ஊசியால் சுரண்டுகிறேன்.
சாம்பல் நிறம் எங்குமே இல்லை.
அடிவரை வெள்ளை.
பீங்கான் தனக்குள்தான் பிளந்திருக்கிறது,
உலோகத்தைப் பற்றிய பிடியை விடவில்லை.

சீட்டின் பின்புறம் எழுதுகிறேன்:
"ஒட்டு சரியாகத்தான் இருக்கிறது, டாக்டர்.
வியாழக்கிழமை புதுசு தருகிறேன். காசு வேண்டாம்."

கீழே அடுத்த ஈடு இறக்குகிறார்கள்.

கதவைப் பற்றி எழுதவில்லை.