ஸ்தில்லா, ஜனவரி 1981

பூஜ்யத்துக்குக் கீழே முப்பதில்
இரும்பு தோலைக் கவ்வும் என்று
ஆஸ்லோவிலிருந்து வந்த காவலருக்கு
யாரும் சொல்லவில்லை.

ஆல்தா ஆற்றுக்கு அணை கட்ட
சாலை போடும் எந்திரங்கள்
பின்னால் உறுமிக்கொண்டிருந்தன.
எல்லேயின் இடுப்புச் சங்கிலியில்
ஒட்டிக்கொண்டது அவர் விரல்.

இழுக்காதே, என்றாள்.
குடுவையைச் சாய்த்து
மெல்ல ஊற்றினாள் காப்பியை.
கடைசி மிடறு.
இரவுக்கென்று வைத்திருந்தது.

விரல் விட்டது.
பெயர் ஆஸ்முண்ட் என்றார், கேட்காமலே.

பிறகு வெட்டுக்குறட்டை எடுத்தார்,
வேறென்ன செய்வார்.
நான்கு கண்ணி, நான்கு சத்தம்.
உட்கார்ந்திருந்த கலைமான் தோலோடு சேர்த்துத்
தூக்கிப்போனார்கள்.

அணை எழுந்தது.

அதற்கு வெகுமுன்பே,
பனி உருகும் முன்பே,
வந்துவிட்டது அபராதச் சீட்டு:
வழிமறித்தது, கலைய மறுத்தது,
ஆணையை மீறியது.

திருப்பிப் பார்த்தாள்.
காப்பிக்குக் கழிவில்லை.