முதல் நாள், சஸ்கட்டூன்

வான்கோழிக் கழுத்து, ஒரு கிலோ.
கசாப்புக்கடை டெரெக் நீட்டிய பையை
காதை மட்டும் பிடித்து வாங்கினேன்.

முட்டைகூடப் படியேறாத வீடு.
இப்போது பாத்திரம் துலக்கும் தொட்டியில்
உறைந்தது மெல்ல இளகுகிறது
யாருடையதோ ஒரு குரல்வளை.

மொச்சையின் எடை பதினெட்டு கிலோ.
நூற்றுக்கு இரண்டரை என்றால்
ஒரு நாளைக்கு நானூற்றைம்பது கிராம்.
உளுந்து நிறுக்கும் தராசைத் துடைத்தேன்,
நிறுத்தேன்,
மறுபடி துடைத்தேன்.
எலும்பு பத்தில் ஒன்று, ஈரல் கொஞ்சமாக, எதையும் வேகவைக்காதே:
நாய் டாக்டர் சொன்னதை
காலண்டரில் ஏகாதசிக்குப் பக்கத்துக் கட்டத்தில்
எழுதி வைத்திருக்கிறேன்.

மொச்சை முகர்ந்தாள்.
என்னைப் பார்த்தாள்.
தயிர்சாதம் எங்கே என்பதுபோல
தட்டை ஒரு சுற்றுச் சுற்றி
படுத்துக்கொண்டாள்.

எனக்கு ஏனோ நிம்மதி.
சொன்னால் வெட்கம், கொஞ்சம் பெருமைகூட.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
போர்வைக்குள் கால் சூடேறுவதற்குள்
இருட்டுச் சமையலறையில்
நொறுக்கென்று ஒரு சத்தம்.
பிறகு இன்னொன்று.
கல்யாணப் பந்தியில்
அப்பளம் உடைகிற அதே சத்தம்.

எழுந்து விளக்கைப் போடவில்லை.
அவள் தட்டை நக்கித்
தரையில் தள்ளிக்கொண்டு போகிறவரை
கேட்டுக்கொண்டே கிடந்தேன்.