எண்ணிக்கை மேசை

கம்பிவலைக்கு இந்தப் பக்கம்
ஐந்து தேர்தலிலும் உட்கார்ந்து
பொங்கியண்ணனுக்கு எண்ணினவன் நான்.
சைசிங் மில்லில் கணக்கெழுதும் கை,
தப்பாது என்று ஒரு பேர்.

முதல் தடவை சுயேச்சை. சின்னம் குடம்.
கடைமடைக்குத் தண்ணி எட்டவில்லை,
அதுதான் மொத்தப் பேச்சும்.
ஒரே ஜீப், அதுவும் தள்ளினால்தான் கிளம்பும்.
தாராபுரத்துப் பள்ளிக்கூடத்தில்
ஐம்பது ஐம்பதாய்க் கட்டி
விடிய விடிய எண்ணி
எண்பத்து மூன்றில் போனது.

செல்லாதவற்றில் ஒரு சீட்டு
இன்னும் கண்ணுக்குள் கிடக்கிறது.
ஒன்பது சின்னம், ஒன்பது குத்து,
ஒன்றும் கோட்டைத் தாண்டவில்லை,
நிரை பிடித்து மஞ்சள் நட்ட மாதிரி.
"அத்தன பேருகிட்டயும் வாங்கிப்போட்டானுங்ணா" என்றேன்.
மேசையில் எல்லோரும் சிரித்தார்கள்.
அண்ணன் சிரிக்கவில்லை.
"நாம ஒண்ணுங் குடுக்கலியேப்பா,
நம்முளுக்கு எதுக்குக் குத்துனான்?"

அடுத்த தடவை கட்சி.
பதினாலாயிரம் வித்தியாசம்.
மாலைக்கு மேலே மூக்கு மட்டும் தெரிந்தது.
சட்டசபையில் எழுந்து பேசியது ஏழு நிமிஷம்;
அச்சான அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து
மில்லில் மாட்டினோம்.
அந்த வருஷம் பதினோரு நாள்
கடைமடையில் தண்ணி ஓடியது.
எங்கள் தெரு நாய்கள்கூட
வாய்க்காலோரம் போய் நின்று பார்த்தன.

மூன்றாவதில் எப்படி ஜெயித்தோம் என்பது
என் கையெழுத்துக்குத் தெரியும்.
கவர் மேல் பாகம் எண், வரிசை எண்,
தலைக்கு இவ்வளவு.
எந்தக் கூட்டத்தில் எத்தனை பங்காளி,
எந்த மச்சான் முறுக்கிக்கொண்டு திரிகிறான்,
எல்லாம் நோட்டில் இருந்தது.
காலனிப் பூத்து இரண்டுக்கும்
கடைசியாகத்தான் போவோம், இருட்டின பிறகு.
எண்ணும்போது மட்டும்
அந்த இரண்டைத்தான் முதலில் எதிர்பார்ப்போம்.

நொய்யல் ஒருநாள் சிவப்பாய்ப் போனது, ஒருநாள் நீலமாய்.
மஞ்சப்பையில் இருந்த மனுக்கள்
கோணிச்சாக்குக்கு மாறின.
அண்ணன் வீட்டுக்கு மாடி வந்தது.

நாலாவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
பதினோராம் சுற்றோடு எழுந்து
வண்டியில் போய்ப் படுத்துவிட்டேன்.

அப்புறம் யாரோ வரைபடத்தை விரித்துத்
தொகுதியையே எடுத்துவிட்டார்கள்.
செம்மங்குழி என்று ஒரு தொகுதி இப்போது இல்லை.
தார் ரோட்டுக்கு வடக்கே ஒன்றில், தெற்கே ஒன்றில்,
கடைமடை மூன்றாவது ஒன்றில்.
லெட்டர்பேடு நாலு கட்டு மிச்சம்.
மேலே 'முன்னாள்' என்று
ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொண்டோம்.

ஐந்தாவதுக்கு வடக்கே நின்றார்.
வேறு கட்சி, வேறு துண்டு.
அவர் ஓட்டோ தெற்கே கிடந்தது.
போட்டுவிட்டு உடனே வருகிறேன் என்று போனவர்
வர முக்கால் மணி நேரம் ஆனது.
அவ்வளவு கூட்டமில்லை அங்கே, விசாரித்தேன்.

மெஷின் என்பதால் மத்தியானத்துக்குள் முடிந்தது.
பென்சில் முனைகூடத் தேயவில்லை.
டெபாசிட்டும் இல்லை.
ஊதியூர் மலை பின்னால் போகும்வரை
வண்டியில் பேச்சில்லை.
பிறகு,
"அன்னைக்கு உள்ள போயி நின்னனப்பா.
பன்னெண்டு பேரு.
ஒருத்தனும் நம்ம ஆளில்ல,
ஒருத்தனும் வேண்டாதவனுமில்ல.
எல்லாத்தையும் அமுத்துனா என்னாகும்?"

"மொதல்ல அமுத்துனதுதானுங்ணா ஏறும்.
அப்பறம் எத்தன அமுத்துனாலும் கத்தாது."

"ம்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
வாய்க்கால் பாலம் வந்தது.
நிறுத்தச் சொல்லி இறங்கி
கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்து எட்டிப் பார்த்தார்.
உள்ளே காய்ந்த சேறு, ஒரு கட்சிக்கொடி, ஆட்டுப் புழுக்கை.
"இது எந்தத் தொகுதியில வருது?" என்றார்.

கணக்குப்பிள்ளை நான்.
எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை.