மஞ்சக்குட்டை மழைக்கணக்கு

இருபது கொண்டை ஊசிக்கு மேலே
மஞ்சக்குட்டையில் ஒரு மழைமானி.
கீழே ஐந்து ரோட்டில்
செல்போன் கடை மாடியில் நான்.
நடுவே தினமும் ஏழரை மணிக்கு
வாட்ஸாப்பில் இறங்கி வரும்
ஒரு துண்டு எழுத்து.

ஜேசனில் அனுப்புங்கள் என்றேன் முதல் நாள்.
"ஜேசனா? சர்ச்சுக்குப் பின்வீட்டுப் பையனா?
அவன் ஓசூர்ல இருக்கானே"
என்றார் குப்புராசு.

பையன் இல்லை, எழுதும் முறை.
வளைந்த அடைப்பில் தொடங்கி
வளைந்த அடைப்பில் முடிக்க வேண்டும்.
உள்ளே பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு.
பெயருக்கு எப்போதும் இரட்டை மேற்கோள்.
ஊருக்கும் மேற்கோள் உண்டு, எண்ணுக்கு இல்லை:
வெறும் 42.5 என்றால் கூட்டலாம், கழிக்கலாம்,
மேற்கோளுக்குள் போட்டால்
அது வெறும் பேச்சு.
தேதி என்றெல்லாம் தனியாக அதற்குத் தெரியாது,
தேதியும் ஒரு பேச்சுதான்.

"அடைப்பு நம்ம பதினொண்ணாம் வளைவாட்டமே இருக்கு."

பிடித்துக்கொண்டார். பிடிக்காதது அவர் போன்.
நேர் மேற்கோளைத் தானாகவே வளைத்தது.
மலைப்பாதை வளையலாம், மேற்கோள் கூடாது;
இரண்டு வாரம்
அவர் மழையை என் நிரல் துப்பியது.
அது சரியானதும் காற்புள்ளி.
கடைசி மதிப்புக்குப் பின்னும் ஒன்று வைப்பார்,
இன்னும் சொல்ல இருக்கிறது என்பதுபோல்.
"வச்சா என்ன மேடம்?"
வைத்தால் அடுத்தது வருமென்று பார்க்கும்.
வராவிட்டால்
வந்ததையும் எறிந்துவிடும்.

ஐப்பசியில் நாலு நாள்
மஞ்சக்குட்டை மழை: சுழியம்.
ஏற்காட்டில் அறுபது, நாகலூரில் ஐம்பத்தெட்டு.
காபிக்காய் கொட்டியதற்கு இழப்பீடு கேட்டவர்களிடம்
என் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார்
இன்சூரன்ஸ்காரர்.
தரையோடு ஒட்டிய நாலு புள்ளி.
ஒன்பது பேர் எழுந்து போனார்கள்,
ஒருவர் குடையை மறந்து.

கோபத்தோடு குப்புராசு அனுப்பிய மூலத்தைத் திறந்தேன்.
சுழியம் எங்கும் இல்லை.
நல் என்று இருந்தது.

நான்தான் சொன்னேன், நான்தான் மறந்தேன்:
பார்த்தேன், பெய்யவில்லை என்றால் சுழியம்.
பார்க்கவில்லை, தெரியாது என்றால் நல்.
சின்ன எழுத்தில், மேற்கோள் இல்லாமல்.
அப்படியே எழுதியிருந்தார் நாலு நாளும்.
என் நிரலின் நூற்றிப் பன்னிரண்டாம் வரி
தெரியாததை எல்லாம்
இல்லை என்று திருத்தியிருந்தது.

நாலாம் நாள் துண்டில் இன்னொன்றும் இருந்தது.
ஓரத்தில் குறிப்பெழுத
இந்த முறையில் இடமே கிடையாது.
அதனால் நான் கேட்காத ஒரு பெயரை
அவரே உண்டாக்கியிருந்தார்: "ஏன்".
முக்காற்புள்ளி. சதுர அடைப்பு.
வரிசை மாறாமல்

"காட்டெருமை மானிகிட்ட நிக்குது",
"இன்னும் நிக்குது",
"கன்னு போட்டிருக்கு",
"அது போகல நானும் போகல"

கடைசிக்குப் பின் காற்புள்ளி இல்லை.

தெரியாத பெயர் வந்தால் என் நிரல் சண்டை போடாது,
பேசாமல் தாண்டிப் போகும்.
பிழை என்று ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை.
வந்திருந்தால் அன்றே படித்திருப்பேன்.

நூற்றிப் பன்னிரண்டை அழித்தேன்.
வரைபடத்தில் இப்போது நாலு நாள்
கோடு அறுந்து நிற்கிறது.
"என்னங்க இது ஓட்டை?" என்கிறார் இன்சூரன்ஸ்காரர்.
காட்டெருமையை அனுப்பிவைத்தேன்.
அவர்கள் படிவத்தில்
அப்படி ஒரு பெயர் இல்லையாம்,
கேட்டுச் சொல்கிறாராம்.

இன்று ஏழரைக்கு வந்தது.
மழை 3.2. கருவி சரி.
"ஏன்" என்பதற்கு நேராக
ஒரு சதுர அடைப்பு திறந்து,
உடனே மூடி,
உள்ளே ஒன்றும் இல்லாமல்.