பிணைச்சல்

நாவலடிப் பக்கம் வாவிக்குள் குழாய் இறக்கி
யோகசீலன் ஏற்றித்தந்த சேறு.
எழுபத்தொரு சென்ரிமீற்றர்.
அரித்துக் கழுவிக் காயவைத்து
நுணுக்குக்காட்டியின் கீழ் பரப்பியிருக்கிறேன்.

ஒஸ்ட்ரகோட். கடுகில் பாதி.
இறாலுக்குச் சொந்தம்தான், ஆனால் மட்டிபோல
இரண்டு ஓட்டுக்குள் குடியிருப்பு.
இடது ஓடு நூலளவு பெரிது;
வலதின் விளிம்பை அணைத்து மூடும்.
முதுகில் பிணைச்சல்:
இந்தப் பக்கம் பல், அந்தப் பக்கம் குழி,
நடுவே அரம்போல ஒரு வரி.
வெளியே வலைக்கண் மாதிரிப் பள்ளங்கள்,
முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழ், கண் இருந்த இடம்.
உணர்மயிர் எட்டிப்பார்த்த துளைகளை
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

ஓட்டைப் புரட்டினால்
உள்ளே நாலு தழும்பு, ஒன்றின்கீழ் ஒன்று.
கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்த தசையின் தடம்.
செத்தால் தசை அழுகும், பிடி விடும்,
ஓடுகள் வாய்திறந்து பிரியும்.
சேற்றில் கிடப்பவை அநேகம் அப்படித்தான்,
ஒற்றை ஒற்றையாய்.

இருபத்திரண்டாம் சென்ரிமீற்றரில் மட்டும்
நாலு விரல் வெள்ளை மணல்.
அதற்குள் கடல் இனம், வாவிக்கு உரியதல்ல.
முப்பத்தேழு.
எல்லாம் சோடியாய், மூடியபடி.
பிரிய நேரம் கிடைக்காதவை.

"என்னகா கிடக்கு உள்ளுக்க?"
வாசலில் நின்றே கேட்கிறார் யோகசீலன்.
குழாயில் அந்த மணலைக் கண்டபோதே
முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

தூரிகை நுனியை நனைத்து
ஒன்றை எடுத்துத் தட்டில் வைக்கிறேன்.
திறந்தால் தழும்பு தெரியும், இனம் உறுதியாகும்.
ஊசியைக் கீழே வைத்துவிட்டு
'மூடியது' என்ற நிரலில்
முப்பத்தேழு என்று எழுதுகிறேன்.