ஆறரை மாத்திரை

லெத்பிரிட்ஜில் அன்றும் காற்றுக்கு விடுமுறை இல்லை.
கார்க் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.
உள்ளே,
ஹாக்கிப் பனியைப் பலகையால் மூடி
அதன்மேல் விரித்த பாய்களின் ஓரம்
இருபத்தோரு நாட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து
நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
எடை பார்க்கும் அறை வாசலில் ஒரு பையன்
காலி பாட்டிலுக்குள் துப்பிக்கொண்டே இருந்தான்.
இன்னும் எண்பது கிராம் குறைய வேண்டுமாம்.

மூன்றாம் பாய், கடிகார மேசை, நான்.
வார நாட்களில் உருளைக்கிழங்கு ஆலையில் இரவு ஷிஃப்ட்.
மகன் ஆரஞ்சு பெல்ட்டோடு ஜூடோவை விட்டான்,
கிட்டார் வாங்கினான், அதையும் விட்டான்.
நான்தான் விடாமல் வருகிறேன்.
ஏன் என்று கேட்டால்
சாண்ட்விச் இலவசம் என்பேன்.

நாற்பத்தெட்டுக் கிலோ, பெண்கள், அரையிறுதி.
வெள்ளையில் அனுஜின், உலான்பாத்தர்.
நீலத்தில் டாரியா, இங்கிருந்து ஐந்து மணி நேரம்
வடக்கே, வெக்ரெவில்.
இருவரும் காலர் பிடிக்க அடித்துக்கொண்ட சத்தம்
ஈரத் துணியைக் கல்லில் அறைவது போல.
அனுஜின் இழுத்தாள், விழுத்தினாள்,
விழுந்தவள் மார்பின் குறுக்கே படுத்துவிட்டாள்.

நடுவர் கை நீட்டினார்: ஒசாய்கோமி.

பிடி தொடங்கிவிட்டது என்று பொருள்.
என் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது.
பத்து நொடி தாண்டினால் வாசா-அரி.
தாண்டியது.
இருபது தொட்டால் இப்போன், ஆட்டமே முடியும்.
பதினேழு.
டாரியாவின் முகம் எங்கே என்று தெரியவில்லை,
ஒரு காது மட்டும், பழுக்கச் சிவந்து.
பதினெட்டு.
அவள் கால் எப்படியோ அனுஜின் காலைப் பின்னிக்கொண்டது.

தொகேத்தா.

அழுத்தினேன். பத்தொன்பதில் நின்றது.

நாற்பது நொடி கழித்து டாரியா
தோளுக்குமேல் அனுஜினைத் தூக்கி
முழு முதுகும் பாயில் படப் போட்டாள்.
அரங்கம் எழுந்தது. நான் எழவில்லை.

மங்கோலியப் பயிற்சியாளர் மேசைக்கு வந்தார்.
அவர் பாஷை எனக்குத் தெரியாது,
அவர் விரல் தெரிந்தது: கடிகாரத்தைக் காட்டி, என்னைக் காட்டி.
வீடியோ போட்டுப் பார்த்தார்கள்.
வீடியோவில் பாய் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்,
என் கட்டைவிரல் இல்லை.
எல்லாம் சரி என்று கையெழுத்தானது.

பிறகு கழிப்பறையில் கை கழுவும்போதுதான் கணக்குப் போட்டேன்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, புள்ளிக்கு அரை.
ஒசாய்கோமி: ஆறரை மாத்திரை.
தொகேத்தா: ஐந்தரை.
நான் எப்போதும் சொல் முடிந்த பிறகே அழுத்துகிறவன்.
தொடங்கும் சொல் நீளம், முடிக்கும் சொல் குட்டை.
அப்படியானால் ஒவ்வொரு பிடியிலும்
ஒரு கண்ணிமைப்பு என்னிடம் தங்கிவிடுகிறது.
அதோடு அந்த பிரேசில் நடுவர்
சாவன்னாவை அளபெடைபோல் இழுப்பார்,
இன்னொன்று சேர்த்துக்கொள்.

ஆறு வருடமாக இந்த மேசை.
எத்தனை பிள்ளைகள், எத்தனை இமைப்பு.
எதிர்ப்பக்கமும் அதே கணக்குத்தானே, சமன்தானே
என்று சோப்பைத் தேய்த்தேன்.
சமன் இல்லை. பத்தொன்பதரையில் கிடப்பவளுக்கு
மட்டும்தான் அது கணக்கு.

மாலை, உணவுக்கூடம்.
முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு
அனுஜின் தனியாக ஃப்ரெஞ்ச் ஃப்ரை தின்றுகொண்டிருந்தாள்,
எங்கள் ஆலைச் சரக்கு, வெட்டைப் பார்த்தாலே தெரியும்.
வெண்கலப் போட்டி இன்னும் அரை மணியில்,
எடையெல்லாம் காலையோடு முடிந்த கவலை.
சொல்லிவிடலாமா என்று பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன்.
என்ன சொல்ல, எந்த பாஷையில்,
மாத்திரையை எப்படி சைகையில் காட்ட?

அவள் என் பக்கம் திரும்பி,
என் தட்டருகே இருந்த கெச்சப்பைக் காட்டினாள்.
நீட்டினேன்.
எழ முடியாமல், உட்கார்ந்தபடியே,
பாயில் ஏறும்போது வணங்குவது போல
முழுசாகக் குனிந்து வணங்கினாள்.

இன்னொரு பாக்கெட் கொடுத்தேன்.